றெஜினா மொழிபெயர்க்காத சொல்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பரிஸின் லா சப்பல் பகுதியில், தண்டவாளங்களைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. சமூகசேவை அலுவலகத்தின் நேர்காணல் அறை. உள்ளே நுழைந்ததும் நான் முதலில் கண்டது கதிரைகளை. மேசைக்கு இந்தப் பக்கம், உதவி கேட்டு வருபவருக்கு ஒன்று. அதற்கு நேர் எதிரே, பயிற்சி பெறும் மாணவிக்கு ஒன்று. மாணவிக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, சுவரோரமாக, அவருடைய மேலாளருக்கு ஒன்று. கதவடியில் இருந்தது பார்வையாளனான எனக்கு. சுவரோரக் கதிரையில் இருப்பவருக்கு, வருபவரின் முகம் மாணவியின் தோளுக்கு மேலால் பாதிதான் தெரியும். அந்த அறையில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் அந்தக் கதிரைக்கு உரியவர்தான்.

பரிஸில் சமூகப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் ஒரு கல்லூரியில் ஓய்வு பெறும்வரை பயிற்றுநராகவும் தேர்வாளராகவும் இருந்தேன். இப்போது அங்கே வேலை செய்யும் இளையவர்கள் சில வாரங்களுக்கு முன் என்னை அழைத்தார்கள். இனவாதத்தை எதிர்கொள்ளுவது பற்றி மாணவர்கள் கற்றதை இனிக் கணினித் திரையில் மதிப்பிடப் போகிறார்களாம். ஒரு கேள்வி, அதற்கு நான்கு விடைகள், சரியானதைத் தொட வேண்டும். "உங்கள் காலத்தில் எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். பிரெஞ்சில் சொன்னேன். அதில் ஓரிடம் பிரெஞ்சில் சரியாக வரவில்லை. அங்கே இருந்தது ஒரு தமிழ்ச் சொல். அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். பரிஸுக்கு வந்து உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு மருத்துவமனைகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். நாற்பதை நெருங்கும்போது சமூகப் பணியாளர் பட்டயம் பெற்றேன். எங்கள் செய்தி ஆசிரியர் என் முதல் செய்தியிலிருந்து "கோரமான" என்ற சொல்லை வெட்டிவிட்டு, "என்ன நடந்தது எண்டு எழுதும். கோரமோ இல்லையோ எண்டு சனம் பாத்துக்கொள்ளும்" என்றார். பிறகு படித்தவற்றில் பெரும்பகுதி மறந்துவிட்டது. அது மறக்கவில்லை.

கல்லூரியில் தேர்வுப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மதாம் றோசெல். கரீபியக் கடலில் பிரான்சுக்குரிய மர்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. ஒருவர் பேசத் தொடங்கினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். பேசுபவர் வாயில் அடைமொழி ஒன்று வந்தால் சுட்டுவிரலை மெல்ல உயர்த்துவார். குரலை உயர்த்தி நான் கண்டதில்லை. "மாணவர் மரியாதையாக நடந்துகொண்டார்" என்று யாராவது அறிக்கை தந்தால் விரல் உயரும்.

"என்ன செய்தார்?"

"அந்த அம்மா உள்ளே வந்தபோது எழுந்து நின்றார்."

"அதை எழுதுங்கள். மரியாதையா இல்லையா என்று அந்த அம்மாவுக்குத் தெரியும்."

யாழ்ப்பாணத்துச் செய்தி ஆசிரியரும் இவரும் சந்தித்திருந்தால் நன்றாகப் பழகியிருப்பார்கள்.

இனவாதம் பற்றிய கல்வியைத் தேர்வுக்கு உட்படுத்த வேண்டும் என்று அவர் முன்மொழிந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். வின்சென்ட் என்ற மூத்த பயிற்றுநர் எதிர்த்தார். நல்ல மனிதர். சட்டம் படித்தவர். "இனம் என்ற சொல்லையே இந்த நாட்டில் நாங்கள் கூச்சத்தோடு உச்சரிக்கிறோம். அதைப் புள்ளிப் பட்டியலில் போடுவதா? சொல்லைப் புழங்கினால் பொருளுக்கு உயிர் கொடுத்துவிடுவோம்" என்றார்.

"அப்படியானால் முதலில் வறுமை என்ற சொல்லை எடுத்துவிடுவோம், வின்சென்ட். எங்களுக்கு வேலை குறையும்" என்றார் மதாம் றோசெல்.

முதல் ஆண்டு மாணவர்களிடம் கட்டுரை கேட்டோம். எல்லாமே நன்றாக இருந்தன. கட்டுரைக் கட்டை மேசையில் தட்டி ஒழுங்காக்கியபடி அவர் சொன்னார்: "இவற்றில் இனவாதி ஒருவர்கூட இல்லை. அப்படியென்றால் எங்கள் அலுவலகங்களில் இருந்து வரும் முறைப்பாடுகள் யாரைப் பற்றியவை?"

அந்தக் கட்டில் மிகச் சிறந்ததாக எல்லாரும் ஏற்றுக்கொண்ட கட்டுரை அந்துவான் என்ற மாணவனுடையது. சில வாரங்கள் கழித்து அவன் ஒரு பெண்மணியை நேர்காணல் செய்வதைப் பார்க்கப் போனேன். அவர் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பைச் சேர்ந்த பெற்றோருக்குப் பரிஸில் பிறந்த கறுப்பினத்தவர்; அஞ்சலகத்தில் வேலை. அந்துவான் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, கைகளால் வீடு வரைந்து காட்டி, "நீங்கள்... வீட்டு... வாடகை... உதவி..." என்றான். அந்தப் பெண்மணி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவனைப் போலவே கைகளால் வீடு வரைந்து, "மொசியே... எனக்கு... காது... நன்றாகக்... கேட்கும்" என்றார். அந்துவான் காதுவரை சிவந்துபோனான். மனம் கெட்டவன் இல்லை. அவன் எழுதிய கட்டுரையில், புலம்பெயர்ந்தோரைக் குழந்தைகளாக நடத்தும் போக்கைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நடைமுறை மாறியது. ஒவ்வொரு மாணவரும் தன் பயிற்சி அலுவலகத்தில் ஒரு நேர்காணலைப் பார்வையாளர் முன் நடத்த வேண்டும். முடிந்தவுடன், யாரும் எதுவும் சொல்வதற்கு முன், அறையில் நடந்ததை மாணவரே வாயால் சொல்ல வேண்டும். பிறகு அலுவலக மேலாளர் தன் கருத்தைச் சொல்வார். பார்வையாளர் அன்று வாய் திறக்கக்கூடாது. கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். மாணவர் சொன்னதற்கும் பார்வையாளர் எழுதியதற்கும் இடையில் எது விடுபட்டிருக்கிறது என்பதைத்தான் மதாம் றோசெல் தேடுவார். "கற்றுக்கொண்டவர் எதைச் செய்தார் என்பதைவிட, செய்ததில் எது அவர் கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள்" என்பார்.

றெஜினாவிடம் வருகிறேன்.

மன்னாரைச் சேர்ந்தவர். நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள், புறநகரான சார்செலில் வீடு. லா சப்பலில் ஒரு தமிழ்க் கடையில் நீண்ட காலம் காசாளராக நின்றார். கடைக்கு வருபவர்கள் அரிசியோடு அரச கடிதங்களையும் கொண்டுவந்து இவரிடம் நீட்டுவார்கள், வாசித்து விளக்குவார். அப்படித்தான் இந்தத் தொழிலில் ஆசை வந்தது. வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தார். இனவாதம் பற்றிய அவருடைய கட்டுரை, மன்னாரில் ஒரு சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி நின்ற பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றியது. மதாம் றோசெல் அதில் விரல் உயர்த்த ஓரிடமும் இருக்கவில்லை.

பயிற்சி பெற்ற அதே லா சப்பல் அலுவலகத்தில், தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவருக்கு இடம் காலியாக இருந்தது. அந்தத் தேர்வில் தேறினால் அது றெஜினாவுக்கு. தவறினால் அலுவலகம் காத்திருக்காது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் தொடக்கத்தில் சொன்ன அறைக்கு அன்று வந்தவர் சவரிமுத்து. அறுபதைத் தாண்டியவர். அந்தப் பகுதியிலேயே அரச குடியிருப்பொன்றின் ஐந்தாம் மாடியில் மனைவியோடு இருந்தார். வீடு மாற்றக் கேட்டு வந்திருந்தார். சுவரோரக் கதிரையில் மேலாளர் மதாம் தியாரா. அவருடைய பெற்றோர் ஆபிரிக்காவின் மாலி நாட்டவர்கள். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் பரிஸில். அந்த மாடியில் மிக மூத்த பணியாளர்.

றெஜினா தமிழில் கேட்பார். பதிலைத் திரும்பிப் பார்த்து மதாம் தியாராவுக்குப் பிரெஞ்சில் சொல்வார்.

"ஏன் ஐயா வீடு மாறவேணும்?"

"அசன்சேர் மாசத்திலை பாதி நாள் வேலை செய்யாது, பிள்ளை. மனுசிக்கு முழங்கால் ஏலாது. சாமான் வாங்கிக்கொண்டு ஏறேக்கை மூண்டாம் மாடிப் படியிலை இருந்து அழுவா."

மின்தூக்கிக்கு இங்கே எங்கள் சனம் பிரெஞ்சுச் சொல்லையே சொல்லும். றெஜினா முழுவதையும் மொழிபெயர்த்தார், அழுததையும் விடவில்லை. மருத்துவக் கடிதம் இருக்கிறதா, மகன் எங்கே இருக்கிறான், வாடகை நிலுவை உண்டா என்று ஒழுங்காகக் கேட்டார். அவசரப்படுத்தவில்லை. சவரிமுத்து ஒருமுறை, "நீர் கடையிலை நிண்ட பிள்ளைதானே? அப்பவும் கெட்டிக்காரி" என்றார். றெஜினா சிரித்து, அதையும் மொழிபெயர்த்தார். மதாம் தியாராவும் சிரித்தார்.

அதன் பிறகு சவரிமுத்து மதாம் தியாராவை ஒருமுறை பார்த்தார். முன்னுக்குச் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்டு, பிள்ளை. கறுவல்கள் இல்லாத இடமாப் பாத்து எழுதும். மேல்வீட்டுக்கு அந்தச் சனம் வந்தாப் பிறகு எங்களுக்கு நிம்மதி இல்லை."

"என்ன செய்யினம், ஐயா?"

"ஒண்டும் செய்யேல்லை. எண்டாலும் கறுவல்தானே."

மதாம் தியாரா, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

றெஜினா திரும்பினார். "அமைதியான இடமாகக் கேட்கிறார்" என்றார்.

மதாம் தியாரா தலையை அசைத்தார். நேர்காணல் முடிந்தது. நடைமுறைப்படி றெஜினா நடந்ததைச் சொன்னார். மின்தூக்கி, முழங்கால், மகன், வாடகை, அமைதியான இடம். ஒழுங்கு பிசகவில்லை. மதாம் தியாரா, மாணவி பொறுமையாகவும் முழுமையாகவும் வேலை செய்தார் என்று தன் கருத்தைச் சொன்னார். நான் நடைமுறைப்படி பேசாமல் இருந்தேன்.

படியில் இறங்கும்போது பின்னால் காலடி கேட்டது.

"சேர், நீங்கள் கேட்டனீங்கள்தானே?"

"ஓம்."

"எழுதப்போறியளோ?"

"ஓம்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலேயே நின்றார். "எங்கட ஆள் எண்டு பாக்க மாட்டியளோ?"

"எங்கட ஆள் எண்டபடியாத்தான் எனக்கு விளங்கினது."

"அப்ப ஒரு வெள்ளைக்காரர் வந்து கதவடியிலை இருந்திருந்தா நான் பாஸ்."

"ஓம்."

"இது நியாயமோ, சேர்?"

அறிக்கையில் அவருடைய இந்தக் கேள்வியையும் எழுதினேன்.

தேர்வுக் குழு கூடியபோது மேசையைச் சுற்றி மதாம் றோசெல், வின்சென்ட், மதாம் தியாரா, நான். றெஜினா மேசைக்கு எதிரே. தமிழில் பேசப்பட்டதைப் பிரெஞ்சில் வாசித்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில் தமிழிலேயே சொல்லி நிறுத்தினேன்.

"மொழிபெயர்ப்பு?" என்றார் மதாம் றோசெல். கண்ணாடி ஏற்கெனவே மேசையில் இருந்தது.

சொன்னேன். கறுப்பு என்ற நிறத்திலிருந்து வந்த சொல். ஊரில் நிறம் கூடிய பிள்ளையை வீட்டிலேயே அப்படிக் கூப்பிடுவார்கள். அதில் செல்லமும் உண்டு, சீண்டலும் உண்டு. பரிஸில் எங்கள் வாயில் அதே சொல் ஆபிரிக்கர்களைக் குறிக்கும். அப்போது அதில் செல்லம் இல்லை. அச்சில் வராத சொல். பிரெஞ்சில் ஒரு சொல்லாக எனக்கு அகப்படவில்லை.

றெஜினா பேசலாம் என்றார்கள். பிரெஞ்சில், நிதானமாகப் பேசினார். "அது வசைச்சொல் இல்லை. என் சொந்த அண்ணனையே வீட்டில் அப்படித்தான் அழைப்போம்."

மதாம் றோசெல் விரலை உயர்த்தவில்லை. "எங்கள் தீவிலும் நிறத்தை வைத்து வீட்டுப்பெயர்கள் உண்டு. என் அக்காவுக்கும் ஒன்று இருந்தது. உங்கள் அண்ணன் இல்லாத இடத்திலா அந்த மனிதர் வீடு கேட்டார்?"

"இல்லை."

"அப்படியானால் சொல்லை விடுவோம். வாக்கியத்தைப் பேசுவோம். ஏன் மொழிபெயர்க்கவில்லை?"

றெஜினா மதாம் தியாராவைப் பார்த்தார். "இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? இவர் எனக்கு நல்லதையே செய்தவர். இவரைப் புண்படுத்த நான் விரும்பவில்லை."

வின்சென்ட் மெல்ல, "அது மனிதாபிமானம்தானே" என்றார். மதாம் றோசெல் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது மட்டும்தானா?"

கீழே வீதியில் ஒரு பார ஊர்தி பின்வாங்கும் ஒலி கேட்டது.

"அந்த ஐயாவின் மனைவிக்கு நடக்க முடியாது" என்றார் றெஜினா. "வீடு வேண்டும். அவர் சொன்னதை நான் அப்படியே சொல்லியிருந்தால் அவருடைய டொசியே அடிக்குப் போய்விடும் என்று பயந்தேன்."

டொசியே என்றால் கோப்பு. இங்கே எல்லோருடைய வாழ்க்கையும் ஒரு டொசியேக்குள் இருக்கும்.

மதாம் தியாரா கைகளை மேசையில் வைத்துக்கொண்டார். "யார் அடிக்குப் போடுவார்கள்?"

றெஜினா மேசையைப் பார்த்தார்.

"அதைக் கையாளுவது நான்தான். அதாவது, நான் போடுவேன் என்று நினைத்தீர்கள். நான் கறுப்பி என்பதால் அந்த மனிதருக்கு நியாயம் செய்ய மாட்டேன் என்று நினைத்தீர்கள்."

"இல்லை, மதாம்" என்றார் றெஜினா. பிறகு, "எனக்குத் தெரியவில்லை" என்றார்.

"இன்னொன்று. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு அன்றே தெரியும். மொழி தெரியாது. ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் எல்லோரும் என்னை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்துவார்கள். எல்லா மொழியிலும் அப்படித்தான். நீங்கள் சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

வின்சென்ட் கேட்டார்: "தெரிந்துமா நல்ல கருத்துச் சொன்னீர்கள்?"

"நான் கேட்டது தொனியை. தொனியை வைத்து ஒருவரைத் தேர்வில் தவறச்செய்ய முடியாது. நிரூபிக்க முடியாததைச் சொன்னால் மதாம் தியாராவுக்கு எங்கும் இனவாதம்தான் தெரியும் என்பார்கள். முன்பு சொன்னார்கள்." பிறகு றெஜினாவிடம் திரும்பினார். "என்னைக் காப்பாற்ற நினைத்தீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் என் முன்னால் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டதை எனக்குத் தராமல் வைத்துக்கொள்வது, என்னை அறைக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவது போன்றது."

தீர்மானத்தை மதாம் றோசெல் எழுத்தில் கொடுத்தார். தேறவில்லை, தவறவுமில்லை. அதே மனிதருடன், அதே அலுவலகத்தில் இன்னொரு நேர்காணல். பட்டயம் அடுத்த தேர்வுக் காலத்துக்குத் தள்ளிப்போனது. படியில் றெஜினா என்னிடம் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு விதியையும் சேர்த்தார்: இனிமேல் மாணவர் எந்த மொழியில் வேலை செய்தாலும், அந்த மொழி தெரிந்த பார்வையாளர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். வங்காளம், சோனிங்கே, அரபு, எதுவானாலும். அதற்கு ஆள் தேடுவது பிறகு என் வேலையாயிற்று.

லா சப்பலில் செய்தி நடந்து போவதில்லை. அந்த வாரமே றெஜினா முன்பு வேலை செய்த கடைக்கு மரக்கறி வாங்கப் போனேன். முதலாளி நேசன் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே தொடங்கினார்.

"என்ன அண்ணை, எங்கட பிள்ளையைக் கவிட்டுப்போட்டியளாம்? கறுவலே பாஸ் போட்டவளாம், தமிழன் வெட்டிப்போட்டானாம்."

"கதையைச் சரியாத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர், நேசன். உந்தச் சொல்லும் சேர்த்து."

"சொல்லிலை என்ன கிடக்கு அண்ணை? இஞ்சை கடையிலை ஒரு நாளைக்கு நூறுதரம் சொல்லுறம்." பக்கத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த மாலிக்காரத் தொழிலாளியைக் காட்டினார். "பாருங்கோ, இவனை அப்பிடித்தான் கூப்பிடுறன். சிரிச்சுக்கொண்டு வாறான்."

அந்த மனிதர் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நல்ல யாழ்ப்பாணத் தமிழில், "என்ர பேர் இப்ராகிம், முதலாளி" என்றார். பிறகு அடுத்த பெட்டியை எடுக்கப் போனார்.

நேசன் தராசைப் பார்த்தார். "உவன் எப்ப இவ்வளவு படிச்சவன்?" என்றார், என்னிடம் இல்லை.

இரண்டாவது நேர்காணலுக்கு நான் போனபோது கதிரைகள் மாறியிருந்தன. மதாம் தியாராவின் கதிரை மேசையோடு, றெஜினாவின் கதிரைக்குப் பக்கத்தில். சவரிமுத்து வந்து, நின்றபடியே கதிரைகளைப் பார்த்தார். இருந்தார்.

றெஜினா முதலில் தமிழில் சொன்னார்: "ஐயா, இஞ்சை நீங்கள் சொல்லுற எல்லாத்தையும் இவவுக்கு அப்பிடியே சொல்லுவன். ஒண்டும் விடமாட்டன். இப்ப நான் உங்களுக்குச் சொன்னதையும் சொல்லப்போறன்." அதை மொழிபெயர்த்தார்.

"அப்ப போனமுறை?"

"போனமுறை ஒரு இடத்திலை பிழை விட்டனான். நீங்கள் கறுவல் இல்லாத இடம் கேட்டதை இவவுக்குச் சொல்லேல்லை."

சவரிமுத்துவின் முகம் இறுகியது. "அது உமக்குச் சொன்னது, பிள்ளை. இவவுக்கு விளங்காதெண்டுதானே சொன்னனான்."

றெஜினா திரும்பி அதைச் சொன்னார். முதல் தடவை விட்ட வாக்கியத்தையும் சொன்னார். "கறுப்பர்கள் இல்லாத இடம் கேட்டார்" என்று பிரெஞ்சில் சொல்லி, நிறுத்தினார். "அவர் சொன்ன சொல் இதைவிடக் கீழானது. அதற்குச் சரியான பிரெஞ்சுச் சொல் என்னிடம் இல்லை." அவருடைய குரல் நடுங்கியது. நடுங்கியது என்பது அடைமொழி இல்லை; கேட்டேன்.

மதாம் தியாரா, "நன்றி" என்றார்.

சவரிமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ கோவிக்கேல்லையோ?"

றெஜினா அதையும் மொழிபெயர்த்தார்.

"கோபம்தான்" என்றார் மதாம் தியாரா. "அடுத்த கேள்வி. மின்தூக்கி கடைசியாக எப்போது பழுதானது?"

அவர் மின்தூக்கியைப் பற்றிச் சொன்னார். மனைவியின் முழங்காலைப் பற்றிச் சொன்னார். குரல் மறுபடி வழமைக்கு வந்தது. எழும்பும்போது றெஜினாவிடம், "அப்ப மற்றதை எழுத மாட்டீரோ?" என்று கேட்டார்.

"எழுத மாட்டன், ஐயா. சட்டம் விடாது. விட்டாலும் நான் எழுத மாட்டன்."

"நீர் மாறிப்போனீர், பிள்ளை."

றெஜினா அதையும் மொழிபெயர்த்தார். ஒரு சொல்லும் விடவில்லை.

அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மதாம் றோசெல் வாசித்தார், கையெழுத்திட்டார். "கற்றுவிட்டார் என்று எழுதலாமா?" என்று வின்சென்ட் கேட்டார். "மொழிபெயர்த்தார் என்று எழுதுங்கள்" என்றார் அவர்.

இளையவர்களிடம் நான் சொன்னது இதுதான். கணினித் திரையில் கேட்டிருந்தால் றெஜினா முதல் நாளே சரியான விடையைத் தொட்டிருப்பார். அந்துவானும் தொட்டிருப்பான். நானும்தான். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். திரை வரத்தான் போகிறது; ஆட்கள் குறைவு, நேரம் குறைவு. பார்வையாளர் கதிரையையும் வைத்திருக்கப் பார்ப்போம் என்றார்கள்.

சவரிமுத்துவுக்கு வீடு கிடைத்தது. முதலாம் மாடி. மேல்வீட்டில் யார் என்று நான் விசாரிக்கவில்லை. றெஜினா அடுத்த தேர்வில் பட்டயம் பெற்றார். லா சப்பல் அலுவலகத்து இடம் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் இப்போது ஸ்தேன் என்ற புறநகரில் வேலை செய்கிறார். அங்கே அவரைப் பற்றி நல்ல பெயர்.

சென்ற சனிக்கிழமை நண்பகல் லா சப்பலில், பஜோல் வீதியில் அவர் எதிரே வந்தார். கையில் மரக்கறிப் பை. "எப்பிடி இருக்கிறியள், றெஜினா?" என்று தமிழில் கேட்டேன்.

நின்றார். பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"போன்ஜூர், மொசியே" என்றார், பிரெஞ்சில்.